வௌவாலுக்கு வால் முளைத்த கதை

என் அக்கா வீட்டுக்காரருக்கு எதையும் நம்பிப் பழக்கமில்லை. கடையில் எடை போட்டுக் கொடுத்தால் தராசை உற்றுப் பார்ப்பார். தராசு சரியாக இருந்தால் படிக்கல்லைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பார். அதுவும் சரியாக இருந்துவிட்டால் முகம் இன்னும் சுருங்கும். “எல்லாம் இவ்வளவு ஒழுங்கா இருக்குன்னா எங்கேயோ இடிக்குது” என்பார். மழை வரும் என்று வானொலியில் சொன்னால் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போவார். வராது என்று சொன்னால் கையோடு எடுத்துப் போவார். இந்த மனுஷனோடு எப்படிக் குடும்பம் நடத்துகிறாய் என்று அக்காவைப் பலமுறை கேட்டிருக்கிறேன். “அவரு என்னையும் நம்பல, உன்னையும் நம்பல, அவரையே நம்பல. அதுல ஒரு நியாயம் இருக்குடி” என்பாள்.

தொழில் அப்படி. ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவர். புத்தகம் இயந்திரத்துக்குப் போவதற்கு முன் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பிழை பிடிக்க வேண்டும். நீங்களும் நானும் வாக்கியத்தைப் படிக்கிறோம். அத்தான் வாக்கியத்தைப் படிக்கவே மாட்டார். வழிப்போக்கனை நிறுத்தி விசாரிக்கிற மாதிரி ஒவ்வோர் எழுத்தையும் நிறுத்தி விசாரிப்பார். ஒருமுறை பெரிய காதல் கதை ஒன்றைத் திருத்தி முடித்துவிட்டு வந்தவரிடம், கடைசியில் அந்த இரண்டு பேரும் சேர்ந்தார்களா என்று அக்கா ஆவலாகக் கேட்டாள். “கடைசிப் பக்கத்துல ரெண்டு சந்திப்பிழை இருந்துச்சு” என்றார்.

அச்சகத்தில் அவருக்குப் பெயரே ‘புரூஃப் சார்’தான். பழைய முதலாளி போன பிறகு அவர் மகள் நிர்வாகத்துக்கு வந்தாள். அந்த அம்மாளும் இவரைப் புரூஃப் சார் என்றுதான் கூப்பிடுவாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள் என்று எழுத்தாளர்கள் முன்னுரையில் நன்றி சொல்லியிருக்கிறார்கள். அந்த முன்னுரைகளிலும் அவர் பிழை திருத்தியிருக்கிறார்.

அந்தக் கண்தான் போக ஆரம்பித்தது.

முதலில் மையைச் சந்தேகப்பட்டார். நடுவில் வெளிறிப் போகிற மட்டமான மையை வாங்குகிறார்கள் என்றார். பிறகு பல்பைச் சந்தேகப்பட்டார். அப்புறம் மூக்குக் கண்ணாடிக்காரன் வேறு யாருடைய கண்ணாடியையோ மாற்றிக் கொடுத்துவிட்டான் என்று போய்ச் சண்டை போட்டார். நேர்கோடு வளைந்து தெரிகிறது என்று அவர் சொன்ன பிறகுதான் அக்கா அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு கண் மருத்துவரிடம் போனாள், நானும் கூடப் போனேன். விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிறது, ஓரப் பார்வை இருக்கும், நடுப் பார்வை திரும்பி வராது என்று மருத்துவர் சொன்னார். அதாவது எதிரே வருகிற ஆளின் தோள் தெரியும், முகம் தெரியாது. வரியின் இரண்டு முனையும் தெரியும், பார்க்கிற எழுத்து மட்டும் தெரியாது. மெய்ப்புத் திருத்துகிறவருக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு நோயை யாரும் தேடிப் பிடித்திருக்க முடியாது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

வெளியே வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: “அச்சகத்துக்குத் தெரியக் கூடாது.”

“தெரிஞ்சா என்னங்க? சொல்லிட்டா வேற வேலை குடுப்பாங்க” என்றாள் அக்கா.

“என்ன வேலை? பசை தடவற வேலையா? கண்ணு போன புரூஃப் ரீடர் பல்லு போன நாய். தெரிஞ்ச அன்னிக்கே அனுப்பிடுவாங்க. ரெண்டு பேரும் வாயைத் திறக்கக் கூடாது.”

அன்றிலிருந்து திருட்டு வேலை தொடங்கியது. வீட்டில் அமைதியாகப் பார்க்கிறேன் என்று சொல்லிக் கட்டுக் கட்டாகத் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அக்கா சத்தமாகப் படிக்க, அவர் கேட்டுத் திருத்துவதாக ஏற்பாடு. அதில் ஒரு சிக்கல். அக்கா நல்ல படிப்பாளி. தாளில் ‘கருப்பு பூனை’ என்று ஒற்று இல்லாமல் இருந்தால், அவள் வாய் தானாகவே ‘கருப்புப் பூனை’ என்று படித்துவிடும். ‘அவள் வந்தான்’ என்று இருந்தால் ‘வந்தாள்’ என்று படித்துவிட்டு மேலே போய்விடுவாள். இருக்க வேண்டியதைப் படித்தாளே தவிர இருப்பதைப் படிக்கவில்லை.

“நீ என்னைக் காப்பாத்தறியா, கவுக்கறியா?” என்று அத்தான் கத்தினார். மாவு சலித்துக்கொண்டிருந்த கையோடு வந்து படித்தவள் அப்படியே எழுந்து உள்ளே போய்விட்டாள். இந்த நிலையில்தான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். எங்கள் கணினிகளில் எல்லாம் கட்டற்ற இயங்குதளம்தான். எங்கெங்கோ இருக்கிற ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், பிரித்துப் பாருங்கள், திருத்துங்கள் என்று பொதுவில் வைத்திருப்பது. எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது, திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துக் காட்டுவது எல்லாம் அதிலேயே உண்டு. இயந்திரம் படித்தால் இருப்பதை இருக்கிற மாதிரி படிக்கும். அதற்கு அக்காவைப் போல நல்ல மனது கிடையாது. அத்தான் வீட்டுக் கணினியோ மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது. அதில் இருந்த சிஸ்டம் ‘இந்தக் கணினிக்கு இனி ஆதரவு இல்லை, புதிது வாங்குக’ என்று தினமும் மிரட்டிக்கொண்டிருந்தது.

“இதை மாத்திடலாம் அத்தான். செலவே இல்ல.”

சொல்லியிருக்கக் கூடாது. செலவே இல்லை என்ற வார்த்தையைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஏன் செலவில்ல?”

“சும்மா குடுக்கறாங்க.”

“சும்மா எவன் குடுப்பான்? சோழியன் குடுமி சும்மா ஆடுமா?”

“தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதீங்க அத்தான்.”

“தானமா வந்த மாட்டைத்தான் முதல்ல பல்லைப் பிடிச்சுப் பாக்கணும். காசு குடுத்து வாங்கின மாட்டுக்காவது வித்தவன் பேரு தெரியும். இதுக்கு என்ன பேரு சொன்னே? கட்டற்றதா? கட்டில்லாத மாடு கண்ட இடத்துல மேயும்.”

எனக்கு மூக்கின் மேல் கோபம். “அப்படின்னா நாளைக்கே அச்சகத்துல போய் உண்மையைச் சொல்லிடுங்க” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே கூப்பிட்டு அனுப்பினார்.

போனால், ஏதோ படையெடுப்புக்குத் தயாராகிற மாதிரி இருந்தது வீடு. பழைய கோப்புகளை எல்லாம் மூன்று பென் டிரைவில் நகலெடுத்து, ஒன்றை பீரோவிலும், ஒன்றை மாவு டப்பாவிலும், ஒன்றைத் தன் சட்டைப் பையிலும் வைத்திருந்தார். கேமராவின் மேல் பிளாஸ்டர் ஒட்டியாகிவிட்டது. உரிம ஒப்பந்தத்தை நான் அவருக்கு முழுவதும் படித்துக் காட்ட வேண்டும் என்றார். எல்லோரும் ‘சம்மதம்’ என்று அழுத்திவிட்டு நகர்கிற அந்த நீளமான சமாசாரத்தை ஒரு மனிதன் வரி விடாமல் கேட்டு நான் பார்த்தது அன்றுதான். எந்த உத்தரவாதமும் இல்லை என்ற இடம் வந்ததும் கையைத் தட்டினார்.

“பாரு, அவனே சொல்லிட்டான்!”

“காசு வாங்கறவனும் இதையேதான் எழுதியிருக்கான் அத்தான். நீங்க படிக்கல.”

 குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

பழையது அழிந்து புதியது ஏறும்வரை கணினிக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். தெரியாத கண்ணால், எவ்வளவு ஏறியது என்று காட்டும் பட்டை நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்து திரை பளிச்சென்று வந்ததும், “சீக்கிரம் முடிஞ்சிடுச்சே” என்றார். அவர் அகராதியில் அது குற்றச்சாட்டு.

அடுத்த நாள் அவர் செய்த காரியத்தை அக்கா எனக்குத் தொலைபேசியில் சொன்னாள். ஒரு புதிய கோப்பைத் திறந்து, ‘எங்கள் வீட்டு பீரோவில் இரண்டு கிலோ தங்கம் இருக்கிறது’ என்று தட்டிச் சேமித்து வைத்திருக்கிறார். கணினி உள்ளே இருப்பதை வெளியே சொல்கிறதா என்று பார்க்கப் பொறி வைத்தாராம். ஒரு வாரம் முழுவதும் வாசலில் யார் வந்தாலும், குழாய் சரிசெய்ய வந்தவர் உட்பட, அவர்களை மேலும் கீழும் பார்த்தார். திருடனும் வரவில்லை, நகைக்கடை விளம்பரமும் வரவில்லை. “நம்மளைச் சோதிச்சுப் பாக்கறான்” என்றார். அக்கா தன் பங்குக்கு, உண்மையிலேயே யாராவது கேள்விப்பட்டு வந்துவிடப் போகிறார்கள் என்று பயந்து, கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டாள்.

திரையெழுத்தை உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாக்கிக் கொடுத்திருந்தேன். ஓரக்கண்ணால் ஒவ்வோர் எழுத்தாக நக்கிக்கொண்டு போவார். அப்படிப் போகும்போது ஒருநாள் சிஸ்டமே காட்டிய ஓர் அறிவிப்பில் ‘மீண்டும் முயற்ச்சிக்கவும்’ என்று இருப்பதைப் பிடித்துவிட்டார். முயற்சியில் தேவையில்லாமல் ஒரு ‘ச்’. குழந்தைக்குப் பொம்மை கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. பிழை சொல்வதற்கென்றே பொதுவில் ஒரு பக்கம் இருக்கிறது என்று நான் காட்டியதும், நம்பாமல், நான் அருகில் இருக்க, தடவித் தடவித் தட்டி எழுதி அனுப்பினார். இரண்டொரு நாளில் பதில் வந்தது: ‘நன்றி ஐயா. திருத்திவிட்டோம்.’ அடுத்த புதுப்பிப்பில் அந்த ‘ச்’ இல்லை.

அத்தானுக்குத் தூக்கம் போய்விட்டது. “எதுக்கு இவ்வளவு சுலபமா ஒத்துக்கறான்? எத்தனை எழுத்தாளனைப் பாத்திருக்கேன், ஒருத்தன்கூட இப்படி ஒத்துக்கிட்டதில்ல. இதுல ஏதோ இருக்கு.”

படிக்கும் குரலைக் கடைசியாகத்தான் ஏற்றுக்கொண்டார். அது ஓர் ஆண் குரல். மூக்கால் பேசும், மூச்சே விடாது, காற்புள்ளி வந்தால் மட்டும் போனால் போகிறது என்று நிற்கும். மூக்கன் என்று பெயர் வைத்தார். ஆனால் வேலையில் மூக்கன் கெட்டிக்காரன். ‘அவள் வந்தான்’ என்று இருந்தால் கூச்சமே இல்லாமல் ‘அவள் வந்தான்’ என்று படிப்பான். ஒரே சொல் இரண்டு தடவை வந்தால் இரண்டு தடவையும் படிப்பான். காதில் ஹெட்ஃபோனும், பழைய பழக்கத்துக்குக் கையில் ஒரு பென்சிலுமாக அத்தான் மறுபடியும் மனுஷனாக உட்கார ஆரம்பித்தார். அச்சகத்திலிருந்து கோப்பு வரும், இவர் கேட்பார், திருத்துவார், அனுப்புவார். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அக்கா முகத்தில் சிரிப்பைப் பார்த்து எனக்கும் நிம்மதியாக இருந்தது. “ஓசிச் சிஸ்டம் எப்படி இருக்கு?” என்று வேண்டுமென்றே கேட்பேன். “இன்னும் கண்காணிப்பிலதான் வெச்சிருக்கேன்” என்பார்.

பிறகு அந்த விலங்குப் புத்தகம் வந்தது.

சின்னப் பிள்ளைகளுக்கான புத்தகம். அச்சிலும், கணினியில் படிக்கக் கோப்பாகவும் பள்ளிக்கூடங்களுக்குப் போகப் போகிறது. அச்சகத்துக்கு நிறைய நாள் கழித்துக் கிடைத்த பெரிய வேலை. ஒரு பிழைகூட இருக்கக் கூடாது, அதனால் புரூஃப் சார் மட்டும்தான் பார்க்க வேண்டும் என்று முதலாளியம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். யானை, முதலை எல்லாம் நல்லபடியாகப் போயின. வௌவால் பாடம் வந்ததும் மூக்கன் உளற ஆரம்பித்தான். ‘வௌ’ என்று சேர்த்துச் சொல்லாமல் ‘வெ’, ‘ள’ என்று பிரித்து, “வெ-ள-வால் பகலில் தூங்கும். வெ-ள-வால் காதால் வழி கண்டுபிடிக்கும்” என்று வரிக்கு வரி.

நான் போனபோது அத்தான் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசை மேல் எறிந்திருந்தார். “வெ-ள-வாலாம்! ஏதோ புதுசா ஒரு வால் முளைச்ச மாதிரி சொல்றான்! நான்தான் சொன்னேனே, சும்மா வந்தது சும்மா போகாது, எதையாவது கெடுத்துட்டுத்தான் போகும்னு. மௌனத்தையும் இப்படித்தான் சொல்றான். சௌகரியத்தையும் இப்படித்தான் சொல்றான். முன்னாடி எப்பவாவது வந்தப்போ மூக்கால பேசறான்னு விட்டுட்டேன். இத்தனை நாள் இவன் படிச்சதை நம்பி நான் எத்தனை புத்தகத்தை அனுப்பினேனோ, அதுல என்னென்ன கெட்டிருக்கோ!”

பயந்துவிட்டார் என்பது புரிந்தது. மூக்கன் நம்பத்தகாதவன் என்றால் அவருக்கு வேலை இல்லை. பழைய பிழைப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, தன் கையாலேயே புகார் எழுதினார். நயமான புகார் இல்லை. ‘உங்கள் குரலுக்குத் தமிழ் தெரியவில்லை. ஔகாரம் வரும் இடமெல்லாம் தவறாக உச்சரிக்கிறது. தெரியாத வேலையை இலவசமாகச் செய்வதைவிடச் செய்யாமலே இருப்பது நல்லது.’ இதையா அனுப்பப் போகிறீர்கள் என்று கேட்டேன். ஒற்றுப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார் என்றார். கூடவே வௌவால் பாடத்திலிருந்து நாலு வரியையும் சேர்த்து அனுப்பினார்.

மறுநாள் மாலை பதில் வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன்.

‘ஐயா, குரலில் பிழை இல்லை. நீங்கள் அனுப்பிய வரிகளில் வௌ என்ற எழுத்தே இல்லை. வெ என்று ஓர் எழுத்தும், அதன் பக்கத்தில் ள என்று ஓர் எழுத்தும் இருக்கின்றன. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத் தெரியும் என்கிறார்கள். கணினிக்கு அது வேறு, இது வேறு. குரல் இருப்பதைத்தான் படித்திருக்கிறது.’

 “பொய்” என்றார் அத்தான். “சோதிச்சுப் பாரு.”

பார்த்தேன். சோதிப்பது மிகச் சுலபம். அம்புக்குறி விசையைத் தட்டிக்கொண்டே போனால், வௌ ஒரே எழுத்தாக இருந்தால் திரையில் மினுக்கும் சுட்டி அதை ஒரே தாவலில் தாண்ட வேண்டும். இது வெ-க்கும் ள-வுக்கும் நடுவில் ஒருமுறை நின்றது. மேலே போய்ப் பார்த்தேன். மௌனத்திலும் நின்றது. கௌரவத்திலும் நின்றது. சட்டைப் பையிலிருந்த பென் டிரைவை வாங்கிப் பழைய கோப்புகளைத் திறந்தேன். இந்த இயங்குதளம் வருவதற்கு வெகுகாலம் முன்னால், அவருக்குக் கண் பளிச்சென்று இருந்த காலத்தில் திருத்தியவை. எல்லாவற்றிலும் நின்றது.

“அத்தான், எல்லாத்துலயும் ள தான் இருக்கு.”

“தட்டச்சுப் பண்ணவன் யாரு?”

“உங்க அச்சகத்துல எல்லாரும்.”

அவர் கை தொடையின் மேல் இருந்தது. அந்த விரல்கள் காற்றில் எதையோ தட்டிப் பார்த்தன. கொம்பு, வ, ள. மறுபடியும் கொம்பு, வ, ள. அவர் தொழில் கற்றுக்கொண்டது பழைய தட்டச்சுப் பொறியில். அதில் ஔகாரக் குறிக்குத் தனி விசை கிடையாது. ள-வைத்தான் அடிக்க வேண்டும். காகிதத்தில் விழுகிற மைக்கு எது ள, எது குறி என்ற வித்தியாசம் ஏது?

“நான்தான்” என்றார் கடைசியில். “அச்சகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தப்போ பிள்ளைங்க கேட்டாங்க, சார், ஔ-வுக்குத் தனியா ஒரு குறி இருக்கே, அதைப் போடறதா, ள போடறதான்னு. எதுக்கு வம்பு, பழையபடி ள போடுங்க, பாக்க ஒண்ணாத்தானே இருக்குன்னு சொன்னேன். அன்னிக்கு நான் போட்ட சட்டம். இன்னிக்கு வரைக்கும் அதுதான் அங்க நடக்குது.”

வேலியே பயிரை மேய்ந்த கதை. சிரித்திருப்பேன். அவர் முகத்தைப் பார்த்து முடியவில்லை.

ஆனால் சந்தேகம் அவ்வளவு சீக்கிரம் சாகிறதா? தலையை நிமிர்த்தி, “இவன் யாரு?” என்றார். “நான் திட்டி எழுதியிருக்கேன். இவன் பொறுமையா உக்காந்து என் நாலு வரியைப் பிரிச்சுப் பாத்துப் பதில் போட்டிருக்கான். சம்பளம் உண்டா?”

“கிடையாது.”

“அப்போ கேளு. இதுல உனக்கு என்ன ஆதாயம்னு கேளு. நான் சொல்ற மாதிரியே எழுது.”

எழுதினேன், எனக்கே கூச்சமாக இருந்தது. பதில் உடனே வந்தது. அடுப்படியிலிருந்து வந்து அக்காவும் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

‘ஆதாயம் உண்டு ஐயா. எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. இந்தக் குரலை வைத்துத்தான் படிக்கிறேன். அதனால்தான் அதைத் திருத்துகிற வேலையில் இருக்கிறேன். சின்ன வயதில் மௌனம் என்று ஒரு சொல்லும் மெளனம் என்று இன்னொரு சொல்லும் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்று மனிதர்கள் பேசுவது, இன்னொன்று புத்தகங்களில் வருவது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஆசிரியரிடம் கேட்டேன். வகுப்பே சிரித்தது. வௌவாலை வெளவால் என்று சொன்னதற்கும் சிரித்தார்கள். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். யாரும் நம்பவில்லை. அவர்கள் கண்ணுக்குச் சரியாகத்தானே தெரிந்திருக்கும். புத்தகம் செய்கிறவர் ஒருவர் இன்று தானாகவே கேட்டு எழுதியிருக்கிறீர்கள். மகிழ்ச்சி.’

நான் படித்து முடித்தேன். அத்தான் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். இந்தத் தடவை மூக்கனையே படிக்கவிட்டேன். மௌனம் என்ற சொல்லை அந்த மனிதர் சரியான எழுத்தில் எழுதியிருந்ததால் மூக்கன் அதைச் சரியாகச் சொன்னான். அடுத்த சொல்லை மெ-ள-னம் என்று சொன்னான். வித்தியாசம் அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

“அந்தப் பிள்ளை என் புத்தகத்தைப் படிச்சிருப்பானா?” என்று கேட்டார் அத்தான்.

“உங்க புத்தகம்தான்னு எப்படிச் சொல்ல முடியும்? எத்தனையோ அச்சகம் இருக்கு. எல்லாரும் இதே தப்பைத்தான் பண்ணியிருப்பாங்க” என்றாள் அக்கா.

“ஆறுதல் சொல்லாத. நான் பாத்து அனுப்பினதும் அதுல இருக்கும்.” பிறகு, “எத்தனை பிள்ளைங்களோ” என்றார். அவர் எதையும் சந்தேகப்படாமல் நம்பி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தன் பிழையை நம்பினார். அவர் மீது அதுவரை இருந்த எரிச்சல் எல்லாம் எனக்கு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

மறுநாள் நான் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவரோடு அச்சகத்துக்குப் போனேன். துணைக்கு வருகிறேன் என்று சொன்னால் வரவேண்டாம் என்பார். அந்தப் பக்கம் எனக்கும் வேலை இருக்கிறது என்றேன். என்ன வேலை என்று கேட்டார். சொல்ல மாட்டேன் என்றேன். சாலையைக் கடக்கும்போது மட்டும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

விலங்குப் புத்தகம் இயந்திரத்துக்குப் போகத் தயாராக, அத்தானின் ஒப்புதலுக்காக மட்டும் காத்திருந்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் முதலாளியம்மா யாரிடமோ காகிதம் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் தொலைபேசியை வைத்தாள்.

“வாங்க புரூஃப் சார். முடிச்சிட்டீங்களா?”

“நிறுத்துங்கம்மா. அச்சுக்குப் போகக் கூடாது” என்றார் அத்தான். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். ள-வைச் சொன்னார், தட்டச்சுப் பொறியைச் சொன்னார், தான் போட்ட சட்டத்தைச் சொன்னார். “இது மட்டுமில்ல, மறுபதிப்புக்குப் போற எல்லாத்தையும் திருத்தணும். பார்வை இல்லாத பிள்ளைங்க நாம குடுக்கற கோப்பைக் கம்ப்யூட்டர் படிக்கக் கேட்டுத்தான் படிக்கிறாங்க. அவங்களுக்கு நாம தப்பான தமிழைக் குடுத்துட்டிருக்கோம். தப்பு என்னுது.”

முதலாளியம்மா கணினித் திரையை இழுத்து வைத்துக்கொண்டு வௌவால் பாடத்தைத் திறந்தாள். மூக்கு இடிக்கிற தூரத்தில் வைத்துப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாது, யாருக்கும் தெரியாது.

“எனக்குச் சரியாத்தானே தெரியுது” என்றவள் நிமிர்ந்தாள். அவள் பார்வை மாறியது. இத்தனை வருடம் அத்தானிடம் நான் பார்த்த அதே பார்வை. “சார், எங்கப்பா காலத்துல இருந்து இப்படித்தான் போட்டுட்டு வரோம். யாரு கண்ணுலயும் படல. இப்ப மட்டும் இது உங்க கண்ணுல எப்படிப் பட்டுச்சு?”

அவர் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். கொழுந்தியாள் பார்த்தாள் என்று என்னைக் கைகாட்டியிருக்கலாம். அப்படிச் சொல்லட்டும் என்றுதான் நான் அவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தேன். வேலை போய்விடும், அத்தான், வாயை மூடுங்கள்.

“கண்ணுல படலம்மா” என்றார். “காதுல விழுந்துச்சு. என் கண்ணுல இனிமே எதுவும் படாது.”

இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. முதலாளியம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

“எவ்வளவு நாளா?”

“ரொம்ப நாளா. உங்களை ஏமாத்திட்டுத்தான் இருந்தேன்.”

அவள் எழுந்து வந்து அத்தான் கையோடு கொண்டுவந்திருந்த விலங்குப் புத்தகத்தின் தாள்கட்டை வாங்கினாள். “இதை இனிமே நீங்க பாக்க வேணாம் சார். வேற ஆளுக்குக் குடுத்துடறேன்.” வாங்கிக் கதவோரம் இருந்த மேசையில் வைத்தாள். அத்தான் தலையை ஆட்டினார். வெறும் கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டார். 

அவர் கிளம்புவதற்காகத் திரும்பினார். கதவு எந்தப் பக்கம் என்று ஒரு நொடி தடுமாறினார்.

“எங்க போறீங்க?” முதலாளியம்மா தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். என் பக்கம் திரும்பி, “அந்தப் படிக்கிற குரல் இந்த மெஷின்ல வருமா? போடும்மா” என்றாள். அத்தானின் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தாள். வௌவால் பாடம் திரையில் திறந்தபடியே இருந்தது.

“எங்க இருந்து ஆரம்பிக்கலாம் சார்?”

“முதல் வரியில இருந்து” என்றார் அத்தான்.